ஏபெக்ஸ் செயலிகளுக்கு ஓஆர்டிஎஸ் நிறுவினேன்: லாகின் பக்கம் வெறும் எழுத்தாக வருகிறது, என்ஜின்எக்ஸ் வழியாகப் போனால் 403. எங்கே தவறு?

கேள்வியில் இருப்பது இவ்வளவு: லினக்ஸ் சர்வரில் ஆரக்கிள் 21சி எக்ஸ்இ (ஆரக்கிளின் இலவச டேட்டாபேஸ்), அதில் ஏபெக்ஸ் (பிரவுசரில் ஓடும் செயலிகளை உருவாக்கும் கருவி), முன்னால் ஓஆர்டிஎஸ் (பிரவுசரின் கோரிக்கைகளை டேட்டாபேஸுக்குக் கடத்தும் ஜாவா சர்வர்). 8080 போர்ட்டில் லாகின் பக்கம் திறக்கிறது, ஆனால் நிறமும் வடிவமும் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் ப்ராக்ஸி சர்வரான என்ஜின்எக்ஸ் வழியாக ஹெச்டிடிபிஎஸ்-இல் போனால், லாகின் பொத்தானை அழுத்தியதும் 403, அதாவது அனுமதி மறுப்பு.

இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். முதலாவது படக் கோப்புறை, இரண்டாவது ப்ராக்ஸி அனுப்பாத ஹெடர் (கோரிக்கையோடு போகும் தகவல் வரி). இரண்டையும் ஒரே நேரத்தில் துரத்துவதால்தான் குழப்பம். என்ஜின்எக்ஸை நிறுத்திவிட்டு, டேட்டாபேஸிலிருந்து வெளியே பிரவுசரை நோக்கி, ஒவ்வொரு இணைப்பாகச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் டேட்டாபேஸ். எக்ஸ்இ-யில் செயலிகள் இருக்க வேண்டிய இடம் எக்ஸ்இபிடிபி1 என்ற ப்ளக்கபிள் டேட்டாபேஸ் (பெரிய டேட்டாபேஸுக்குள் இருக்கும் தனி டேட்டாபேஸ்). ஏபெக்ஸும் ஓஆர்டிஎஸ்ஸும் அதற்குள் போக வேண்டும், எல்லாவற்றையும் தாங்கும் ரூட் கன்டெய்னருக்குள் அல்ல. நிறுவும்போது சர்வீஸ் பெயர் கேட்கும் இடத்தில் பலரும் பழக்கத்தில் எக்ஸ்இ என்று அடித்துவிடுகிறார்கள். அது ரூட்டைக் குறிக்கும். நிறுவல் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிடும், பிறகு ஏபெக்ஸ் மட்டும் கிடைக்காது. சர்வீஸ் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஓஆர்ஏ-12514 வரும். அது நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். லிசனரின் (டேட்டாபேஸுக்கு வரும் இணைப்புகளை ஏற்கும் நிரல்) ஸ்டேட்டஸ் கட்டளை எந்தப் பெயரைக் காட்டுகிறதோ அதையே எழுத்து மாறாமல் கொடுங்கள்.

வரிசையும் முக்கியம்: ஏபெக்ஸ் முதலில், ஓஆர்டிஎஸ் பிறகு. அப்போதுதான் ஏபெக்ஸ் இருப்பதை ஓஆர்டிஎஸ் கண்டுபிடித்துத் தேவையான அனுமதிகளைத் தானே அமைத்துக்கொள்ளும். மாற்றிச் செய்திருந்தால் அழிக்க வேண்டாம், இன்ஸ்டால் கட்டளையின் ரிப்பேர் வகையை ஓட்டினால் போதும்.

ஜாவா 17 போடுங்கள். ஓஆர்டிஎஸ் 22.1-இலிருந்து நிறுவும் முறையே மாறிவிட்டது: வார் கோப்பை (ஜாவா செயலியின் தொகுப்புக் கோப்பு) ஜாவா வழியாக ஓட்டும் பழைய முறை போய், தனிக் கட்டளை வந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் 22-க்கு முந்தையவை. வார் கோப்பில் கான்ஃபிக் கோப்புறையை எழுதச் சொல்லும் குறிப்பைக் கண்டால் மூடிவிடுங்கள். இப்போது கான்ஃபிக் கோப்புறையைக் கட்டளையிலேயே குறிப்பிட்டு இன்ஸ்டால் என்று கொடுத்தால், அது ஹோஸ்ட், போர்ட் (1521), சர்வீஸ் பெயர், சிஸ் பயனரின் (டேட்டாபேஸ் நிர்வாகி) கடவுச்சொல் என்று வரிசையாகக் கேட்கும். கேட்வே முறை ப்ராக்ஸீட் ஆக இருக்கட்டும்.

முடிந்ததும் கான்ஃபிக் கோப்புறைக்குள் இரண்டு பகுதிகள் இருக்கும். குளோபல் என்பதில் போர்ட், சான்றிதழ் போன்ற பொது அமைப்புகள். டேட்டாபேசஸ் என்பதற்குள் டிஃபால்ட் என்ற கோப்புறை, அதில் பூல் (தயாராகத் திறந்து வைக்கும் டேட்டாபேஸ் இணைப்புகளின் தொகுப்பு) கோப்பும் கடவுச்சொல் வைத்திருக்கும் வாலட்டும். எக்ஸ்எம்எல் கோப்புகளைக் கையால் திருத்தாதீர்கள். கான்ஃபிக் செட் கட்டளை இருக்கிறது. எதை மாற்றினாலும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: இன்ஸ்டாலை சூடோ போட்டு லினக்ஸின் ரூட் பயனராக ஓட்டிவிட்டு, சர்வீஸை வேறு பயனராக ஓட்டுவது. வாலட் கோப்பு ரூட் பயனருக்குச் சொந்தமாகிவிடும், சர்வீஸால் அதைப் படிக்க முடியாது. கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்குவது) வழியாக ஓட்டினால் செய்யவில்லை என்றால் முதலில் கோப்புறையின் உரிமையாளர் யார் என்று பாருங்கள்.

இனி உங்கள் முதல் கோளாறு. ஏபெக்ஸ் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் டேட்டாபேஸிலிருந்து வருகிறது. ஸ்டைல், ஜாவாஸ்கிரிப்ட், ஐகான் எல்லாம் /ஐ/ என்ற பாதையில் வெறும் கோப்புகளாகக் கிடைக்க வேண்டும். ஏபெக்ஸ் ஜிப்பைப் பிரித்தால் வரும் இமேஜஸ் கோப்புறையை ஓஆர்டிஎஸ்-க்குக் காட்டவில்லை என்றால் எலும்புக்கூடு மட்டும் வரும். ஸ்டாண்டலோன் அமைப்பில் ஸ்டாட்டிக் பாத் என்பதில் அந்தக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுங்கள். கோப்புறை டேட்டாபேஸ் இருக்கும் சர்வரில் அல்ல, ஓஆர்டிஎஸ் ஓடும் சர்வரில் இருக்க வேண்டும். பதிப்பும் பொருந்த வேண்டும்: ஏபெக்ஸை மேம்படுத்திவிட்டு இமேஜஸை மறந்தால் பக்கம் பாதி வேலை செய்யும், அது முழுதும் செத்துப்போவதைவிட மோசம். கோப்புகளைச் சுமக்கவே விருப்பமில்லை என்றால் ஏபெக்ஸோடு வரும் ரீசெட் இமேஜ் ப்ரீஃபிக்ஸ் ஸ்கிரிப்ட்டை ஓட்டி, ஆரக்கிளின் சிடிஎன் (கோப்புகளை இணையத்தில் தரும் பொதுச் சர்வர்) முகவரியைக் கொடுக்கலாம். அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வெளி இணையம் அடைபட்டிருந்தால் இந்த வழி உதவாது.

அதே சர்வரிலிருந்து கர்ல் கட்டளையால் 8080-ஐத் தொட்டு, லாகின் பக்கமும் /ஐ/ பாதையில் ஏதாவது ஒரு கோப்பும் 200 (வெற்றி) தருகின்றனவா என்று பாருங்கள். இது தேறாமல் என்ஜின்எக்ஸைத் தொடவே தொடாதீர்கள்.

இப்போது 403. பிரவுசர் லாகினை அனுப்பும்போது கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது என்று சொல்லும் ஒரிஜின் ஹெடரில் உங்கள் ஹெச்டிடிபிஎஸ் முகவரி இருக்கும். என்ஜின்எக்ஸ் அதை உள்ளே சாதாரண ஹெச்டிடிபி-யாக, பல நேரம் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஹோஸ்ட் பெயரோடு அனுப்புகிறது. ஓஆர்டிஎஸ் பார்வையில் தன் முகவரி ஒன்று, கோரிக்கை கிளம்பிய முகவரி வேறொன்று. வேற்றுத் தளத்துக் கோரிக்கை என்று முடிவுகட்டி மறுத்துவிடுகிறது. 403 பக்கத்தின் செய்தியிலேயே முன்னால் உள்ள சர்வர் ஹோஸ்ட் பெயரைக் கடத்துகிறதா பாருங்கள் என்று எழுதியிருக்கும், நீளமான செய்தி என்பதால் யாரும் முடிவு வரை படிப்பதில்லை.

தீர்வு இரண்டு பக்கமும். என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி செட் ஹெடர் மூலம் ஹோஸ்ட் பெயரை அப்படியே கடத்துங்கள். எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ ஹெடரில் ஹெச்டிடிபிஎஸ் என்று அனுப்புங்கள். ஓஆர்டிஎஸ் பக்கம், செக்யூரிட்டி என்று தொடங்கும் அமைப்புகளில் ஹெச்டிடிபிஎஸ்-ஹெடர்-செக் என்பதற்கு அதே ஹெடர் பெயரையும் மதிப்பையும் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் செய்தால் தீராது. ஒரிஜின் ஹெடரை என்ஜின்எக்ஸிலேயே அழித்துவிடச் சொல்லும் பதில்களும் உலவுகின்றன. 403 போய்விடும், உண்மைதான். கூடவே அந்தப் பாதுகாப்புச் சோதனையும் போய்விடும். செய்யாதீர்கள். ஹெடர்-செக் இல்லாமல் ஃபோர்ஸ் ஹெச்டிடிபிஎஸ் அமைப்பை மட்டும் போட்டால், பக்கம் தன்னிடமே திருப்பி அனுப்பிக்கொண்டு முடிவில்லாமல் சுற்றும்.

ஹெடரை நம்பச் சொன்ன பிறகு 8080 வெளியே திறந்திருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் அந்த ஹெடரைப் போட்டு அனுப்பலாம். ஸ்டாண்டலோன் பைண்ட்ஸ் அமைப்பை 127.0.0.1 (அதே சர்வர் மட்டும்) ஆக்குங்கள், ஃபயர்வாலில் 443 மட்டும் திறந்திருக்கட்டும். எஸ்க்யூஎல் டெவலப்பர் வெப் (பிரவுசரிலேயே எஸ்க்யூஎல் ஓட்டும் கருவி) யாருக்கும் தேவையில்லை என்றால் அதையும் அணைத்துவிடலாம்.

என்ஜின்எக்ஸில் இன்னும் சில. ஆரக்கிள் லினக்ஸ், ரெட்ஹேட் வகைகளில் 502 வந்து, எரர் லாகில் பெர்மிஷன் டினைட் (13) என்றிருந்தால் அது எஸ்இலினக்ஸ் என்ற லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கு. ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் பூலியனை ஆன் செய்யுங்கள், எஸ்இலினக்ஸையே அணைக்க வேண்டாம். கோப்பு பதிவேற்றும்போது 413 வந்தால், கிளையன்ட் பாடி அளவு இயல்பாக 1 எம்பி மட்டுமே, உயர்த்துங்கள். நீண்ட அறிக்கைகள் சரியாக 60 விநாடியில் 504 தந்தால் அது ப்ராக்ஸி ரீட் டைம்அவுட். அதை 300 ஆக்குவதற்கு முன் அந்த அறிக்கையின் எஸ்க்யூஎல்லை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பூல் அளவைப் பயனர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரே நேரத்தில் டேட்டாபேஸில் ஓடும் கோரிக்கைகளே கணக்கு. ஒரு பக்கம் 0.2 விநாடி எடுத்தால் 20 இணைப்புகள் விநாடிக்கு 100 பக்கங்களைத் தாங்கும். 20 பேர் 30 விநாடி எடுக்கும் அறிக்கையை ஒன்றாக அழுத்தினால், மற்ற எல்லோரும் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். எக்ஸ்இ இரண்டு சிபியு த்ரெட், 2 ஜிபி ரேம் வரைதான் பயன்படுத்தும். அதன் மீது 100 இணைப்புகள் வைப்பதில் பலனில்லை. மேக்ஸ் லிமிட் 20, மினிமம் லிமிட்டும் தொடக்க எண்ணும் அதற்கு அருகில், ஜாவாவுக்கு 1 ஜிபி ஹீப் (நினைவகம்) என்று தொடங்குங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் சந்திக்கப்போகும் ஒன்று: ஓஆர்டிஎஸ் டேட்டாபேஸில் நுழைவது ஓஆர்டிஎஸ் பப்ளிக் யூசர் என்ற கணக்கால். ஆரக்கிளின் டிஃபால்ட் ப்ரொஃபைலில் (கணக்குகளுக்கான கடவுச்சொல் விதிகள்) கடவுச்சொல்லின் ஆயுள் 180 நாள், அதன்மேல் 7 நாள் சலுகை. திறந்திருக்கும் இணைப்புகள் அதன் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு நாள் சர்வரை ரீஸ்டார்ட் செய்வீர்கள், எல்லாச் செயலிகளும் பிழை காட்டும், லாகில் ஓஆர்ஏ-28001 (கடவுச்சொல் காலாவதி). இந்தக் கணக்குக்கு மட்டும் காலாவதி இல்லாத தனி ப்ரொஃபைலை இன்றே உருவாக்கிக் கொடுங்கள். கடவுச்சொல்லை மாற்ற நேர்ந்தால் கான்ஃபிக் சீக்ரெட் கட்டளையால் வாலட்டிலும் மாற்ற வேண்டும். ஓஆர்டிஎஸ் இரண்டு சர்வரில் ஓடி, ஒன்றில் மட்டும் மாற்றினால், மற்றது பழைய கடவுச்சொல்லோடு மோதிக்கொண்டே இருக்கும். பத்தாவது தோல்வியில் கணக்கு பூட்டிக்கொள்ளும் (ஓஆர்ஏ-28000), சரியாக மாற்றிய சர்வரும் சேர்ந்து விழும். ஆகவே இரண்டையும் நிறுத்திவிட்டு, இரண்டு வாலட்டிலும் மாற்றி, கணக்கை அன்லாக் செய்த பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள்.