பதக்கம் தந்தார்கள், பதிவில் இல்லை: நெடுங்கேணி வாசகருக்குப் பதில்

நெடுங்கேணியைச் சொந்த ஊராகக் கொண்ட ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சிறுவயதில் அமெரிக்கா போய், அங்கே இராணுவத்தில் சேர்ந்து, 2007இல் ஈராக்கில் வீதியோரக் குண்டு வெடித்து இடது கையில் பீஸ், அதாவது குண்டுச் சிதறல், பட்டவர். 2009இல் விலகி, இப்போது வவுனியாவில் வீடு கட்டியிருக்கிறார். விலகும்போது கிடைத்த, சேவை விபரங்களைச் சொல்லும் டிடி 214 படிவத்தில், ஈராக்கில் பணியாற்றியவர்களுக்குரிய ஈராக் கம்பெயின் மெடலும் இல்லை, எதிரியின் தாக்குதலில் காயப்பட்டவர்களுக்குரிய பர்ப்பிள் ஹார்ட்டும் இல்லை. அதே வாகனத்தில் இருந்த மற்ற இருவருக்கும் கிடைத்தது, பிளட்டூன் சார்ஜன்ட் தன்னை நிறம் பார்த்து ஒதுக்கினார், அவர்மேல் வழக்குப் போடலாமா, இங்கிருந்தே சத்தியக் கடதாசிகள் முடித்து அனுப்பினால் பதிவைத் திருத்துவார்களா என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி சார்ஜன்ட்டைப் பற்றித்தான். அதை விடுங்கள். மேலதிகாரிகள் இனபேதம் காட்டினார்கள் என்று கடற்படையினர் ஐந்து பேர் போட்ட வழக்கிலேயே, நட்டஈடு கேட்டு மேலதிகாரிமேல் வழக்குப் போட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983இல் சொல்லிவிட்டது. உங்களுக்கு நடந்தது அநியாயமாகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. அந்தக் கோபத்தை விண்ணப்பத்தில் எழுதினால், அதை விசாரிக்கிற இராணுவப் பதிவுத் திருத்தச் சபையில் இருப்பவர்கள் அதைத்தான் வாசிப்பார்கள், கையில் பட்ட பீஸை மறந்துவிடுவார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. “வரிசையில் நிற்கவைத்து கப்டன் வாசித்தார், ஒரு கடதாசியும் தந்தார், அதை ஆட்கள் மூலம் அம்மாவுக்கு அனுப்பினேன், கடைசி இடப்பெயர்வில் போய்விட்டது.” அந்தக் கடதாசி என்ன? இலக்கமும் திகதியும் போட்ட உத்தரவா, அல்லது உங்கள் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறோம் என்ற அறிவித்தலா? உங்கள் விஷயம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. காணி உறுதியில் விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, இல்லாத காணிக்குப் புது உறுதி முடிப்பது வேறு. உத்தரவு இருந்தால் நீங்கள் கேட்பது பிழைதிருத்தம் மட்டும். கென்டக்கியில் உள்ள ஃபோர்ட் நொக்ஸில் இராணுவத்தின் மனிதவளப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்தே டிடி 215 என்ற திருத்தப் படிவம் வரும், சபைவரை போகவே தேவையில்லை. உத்தரவு போடப்படவே இல்லையென்றால், எதிரியின் செயலால் காயம், அதற்கு மருத்துவ அதிகாரியின் சிகிச்சை, அந்தச் சிகிச்சைக்குப் பதிவு என்று மூன்றையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதிகாரிகள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள் என்ற அனுமானத்தில்தான் சபை தொடங்கும்.

ஈராக் மெடலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அங்கே இருந்ததற்குச் சம்பளப் பதிவே சாட்சி சொல்லும். அதைத் தனியாக, முதலில் கேட்டு எடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் கட்டினால் சுலபமானதும் சேர்ந்து இழுபடும்.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாவற்றையும் தவறவிட்டு முகாமுக்கு வந்த சனம் நாங்கள். அதற்குப் பிறகு நடமாடும் சேவைகளிலும் பிரதேச செயலகங்களிலும் வரிசையில் நின்று, கிராம சேவையாளரின் கடிதமும் சமாதான நீதவானின் முத்திரையுமாக ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தோம். அதனால் தொலைந்த எதற்கும் சத்தியக் கடதாசிதான் மருந்து என்று மனதில் பதிந்துவிட்டது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இராணுவப் பதிவுத் திருத்தச் சபை முத்திரையைப் பார்ப்பதில்லை, கண்ணால் கண்டவர் யார் என்று பார்க்கிறது. இப்படி ஒரு கடதாசி வீட்டில் இருந்ததற்கு உங்கள் அம்மா சாட்சி. குண்டு வெடித்ததற்கு அவர் சாட்சியல்ல, அதைச் சொல்லவைத்துக் கையெழுத்து வாங்காதீர்கள். உங்களோடு வாகனத்தில் இருந்த இருவரும் எழுதட்டும், அவரவர் தங்கள் சொல்லில், தங்களுக்கு ஞாபகம் இருப்பதை மட்டும். ஒருவரே ஆங்கிலத்தில் அழகாகத் தட்டெழுதி மூன்று பேர் கையெழுத்து வைத்த கோப்புகள் என்னிடம் வந்திருக்கின்றன. சொல்லும் காற்புள்ளியும்கூட ஒன்றாக இருக்கும், மூன்றும் உண்மையாக இருந்தாலும் வாசிக்கிறவர் நம்பமாட்டார். நீதவானும் கட்டாயமில்லை. அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதென்றால், ஐக்கிய அமெரிக்காவின் சட்டத்தின் கீழ், பொய்ச்சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு இது உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்ற வசனம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அதன் கீழே திகதியும் கையெழுத்தும் போதும்.

அதே வாகனத்தில் இருந்த நண்பர் ஒருவர் தன் பர்ப்பிள் ஹார்ட் சான்றிதழை அனுப்பியிருக்கிறார், அதைக் கடையில் கொடுத்துப் பெயரை மாற்றி “மாதிரிக்கு” இணைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது, தம்பி. மாதிரிக்கு என்று பக்கத்தில் எழுதினாலும் கூடாது. அரசாங்கத்திடம் தெரிந்துகொண்டே பொய் ஆவணம் கொடுத்தால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது அவர்கள் சட்டம், நீங்கள் வவுனியாவில் இருப்பதால் அது உங்களைத் தொடாது என்று நினைக்க வேண்டாம், பென்ஷனும் குடியுரிமையும் அங்கே இருக்கிறது. அதைவிட வருத்தம், அந்தச் சான்றிதழ் மாற்றாமல் இருந்தால்தான் உங்களுக்கு உதவும். நண்பரின் பெயரோடு அப்படியே இணையுங்கள். அதில் உத்தரவு இலக்கமும் திகதியும் இருக்கும், ஒரே சம்பவத்துக்குப் போட்ட உத்தரவுகள் அடுத்தடுத்த இலக்கங்களில் இருக்க வாய்ப்புண்டு, எங்கே தேட வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும். தேடும்போது உங்கள் பெயரையும் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் பெயர் முன்னால் வரும், அவர்களுக்குக் குடும்பப் பெயர் பின்னால் வரும், உத்தரவில் ஒரு ஒழுங்கிலும் கோப்பில் இன்னொரு ஒழுங்கிலும் ஏறியிருந்தால் கணினி உங்களைக் கண்டுபிடிக்காது. இரண்டு விதமாகவும் தேடச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஒரு காரணத்தாலேயே பதிவு விடுபட்டிருக்கவும் கூடும்.

இன்னொரு குழி இருக்கிறது, ஆட்கள் அதிகம் விழுவது இதில்தான். காயத்துக்காக முன்னாள் படைவீரர் திணைக்களத்தில் இயலாமைக் கொடுப்பனவு எடுக்கிறீர்கள் அல்லவா? அந்த விண்ணப்பத்தில் கை எப்படிக் காயப்பட்டது என்று எழுதினீர்கள்? எனக்கு எழுதிய கடிதத்தில் ஓரிடத்தில் பீஸ் பட்டது என்கிறீர்கள், இன்னோரிடத்தில் ஹம்வி என்ற இராணுவ வாகனம் குடைசாய்ந்து கை நசுங்கியது என்கிறீர்கள். இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்திருக்கலாம், நான் நம்புகிறேன். ஆனால் அன்று விபத்து என்று மட்டும் எழுதிவிட்டு இன்று குண்டு என்று சத்தியம் செய்தால், பதக்கமும் கிடைக்காது, வந்துகொண்டிருக்கிற கொடுப்பனவையும் யாராவது கிளறிப் பார்ப்பார்கள். கொடுப்பனவுக் கோப்பின் முழுப் பிரதியை எடுத்து வாசிக்கும்வரை எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். இராணுவ முகாமில் எழுதிய மருத்துவக் குறிப்பும் அந்தக் கோப்பிலேயே கிடைப்பதுண்டு.

பிழை தெரியவந்து மூன்று வருடத்துக்குள் சபைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு 2009இலேயே தெரியும். நீதியின் பொருட்டு சபை அதை மன்னிக்கலாம், ஏன் தாமதம் என்று உண்மையை இரண்டு வரியில் எழுதுங்கள். குடும்பம் போருக்குள் இருந்தது என்பது காரணம்தான், ஆனால் 2009க்குப் பிந்திய வருடங்களுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும். ஃபோர்ட் நொக்ஸில் கேட்டு மறுத்த கடிதம் இல்லாமல் சபைக்கு ஓடவேண்டாம், கீழே கேட்டாயா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சபை ஒருமுறை மறுத்தாலும் புதிய ஆதாரத்தோடு திரும்பக் கேட்கலாம், ஆனால் முதல் தடவை சொன்ன எல்லாம் கோப்பில் கிடக்கும்.

பதக்கத்தை இணையத்தில் வாங்கி வீட்டில் மாட்டினால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அனுமதியில்லாமல் வாங்குவதையே அவர்கள் குற்றவியல் சட்டம் தொடுகிறது, அதைக் காட்டி ஒரு சலுகை எடுத்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு வருடம் வரை சிறை.

உத்தரவும் கிடைக்காமல், மருத்துவக் குறிப்பும் இல்லாமல், கொடுப்பனவுக் கோப்பில் விபத்து என்று மட்டும் இருந்தால் என் ஆலோசனை இதுதான்: ஈராக் மெடலை எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். மாதாமாதம் வருகிற பணத்தையும் கிடைக்கிற வைத்தியத்தையும் ஒரு பதக்கத்துக்காகப் பணயம் வைக்கச் சொல்லமாட்டேன், அது உங்களுக்கு உரியதே என்று நான் நம்பினாலும். ஒரேயொரு குறிப்பாவது கிடைத்தால் நிலைமை மாறும், பிறகு கடைசிவரை போகலாம். முதலில் நண்பரிடம் அந்த உத்தரவு இலக்கத்தைக் கேளுங்கள், கொடுப்பனவுக் கோப்பின் பிரதிக்கு இந்தக் கிழமையே எழுதிப் போடுங்கள்.