மாற்றுச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி: சொந்த அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சரியாகவே இருக்கிறது. ஆனால் உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்குகிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. கூடப்பிறந்தவரின் உறுப்புதானே, இதற்குள் உடம்பு பழகியிருக்காதா? மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். அரை மாத்திரைகூடக் குறைக்க வேண்டாம். ஏன் என்று கேட்டால், உங்களைப் போலவே சகோதரரிடம் தானம் பெற்ற ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். கிளாஸ்கோவில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர், தீக்காயப் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து ஒட்டினார். தோல் முதலில் பிடித்துக்கொண்டது, அப்புறம் அழிந்தது. சில நாள் இடைவெளியில் அதே சகோதரரின் தோலை மறுபடியும் ஒட்டியிருந்தார்கள். உடம்பு பழகுவதாக இருந்தால் இரண்டாம் தடவை கூடுதல் நாள் தாங்கியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. இரண்டாவது தொகுதி இன்னும் வேகமாக அழிந்தது. கிப்சனும் விலங்கியலாளர் பீட்டர் மெடவாரும் 1943-ல் இதை வெளியிட்டார்கள். அம்மை ஒருமுறை வந்தால் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறதே, அதே எதிர்ப்பு சக்தியின் வேலைதான் இதுவும் என்பது அதிலிருந்து துலங்கியது. உங்கள் அண்ணனின் உறுப்பையும் உங்கள் வெள்ளையணுக்கள் அடையாளம் கண்டுதான் வைத்திருக்கின்றன. மாத்திரைதான் அவற்றின் கையைக் கட்டியிருக்கிறது.

கூடப்பிறந்தவர் என்பதால் பொருத்தம் கூடும், உண்மைதான். ஆனால் மாத்திரையே இல்லாமல் ஓடுவதற்குப் பொதுவாக ஒரே கருவில் பிறந்த இரட்டையராக இருக்க வேண்டும். 1954-ல் பாஸ்டனில் அறுவை சிகிச்சை மருத்துவர் ஜோசப் மரே செய்த, முதன்முதலில் வெற்றி கண்ட சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்குத்தான். அதற்கும் முன்பே ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டி, அது நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே கத்தியைத் தொட்டார். மற்றவர்களுக்கு வழி பிறந்தது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து வந்த பிறகுதான்: முதலில் அசதியோப்ரின், பின்னர் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை மருத்துவர் ராய் கான் 1978-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சைக்ளோஸ்போரின், அதன் பிறகு உங்கள் டாக்ரோலிமஸ்.

மருந்தை விட்டும் நன்றாக இருப்பவர்களைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். பொய்யில்லை. கல்லீரல் மாற்றம் செய்துகொண்டவர்களில் அப்படிச் சிலர் உண்டு. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையின் முன்னோடி தாமஸ் ஸ்டார்சல் இதை ஆராய்ந்திருக்கிறார். கல்லீரல் கொஞ்சம் சாதுவான உறுப்பு. சிறுநீரகத்தை அதோடு ஒப்பிட முடியாது.

கிரியேட்டினினை மட்டும் நம்புவதும் தவறு. உறுப்பை உடம்பு எதிர்த்துத் தாக்கும் நிராகரிப்பு தொடங்கும்போது வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமலே இருக்கலாம். கிரியேட்டினின் ஏறும்போது உள்ளே சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும். தானம் தந்தவரின் உறுப்புக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) ஒருமுறை வந்துவிட்டால் அதை விரட்டுவது பெரும்பாடு.

சரி, கை நடுக்கத்துக்கு வருவோம். அதைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். வழக்கம்போல் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாக ஏறித் தெரியும்; அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. அளவு உண்மையிலேயே அதிகம் என்றால் டாக்டரே குறைப்பார். நாளுக்கு ஒருவேளை போடும் வகைக்கு மாற்றினால் சிலருக்கு நடுக்கம் தணிகிறது. ஸ்டீராய்டு மாத்திரையும் போட்டுவந்தால், சர்க்கரை ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு. அந்த அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

வேறு டாக்டரிடம் எதற்குப் போனாலும் மாற்றுச் சிறுநீரகம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கான சில மாத்திரைகள் டாக்ரோலிமஸ் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். மருந்துக்கடையில் வேறு பிராண்டு தந்தால் வாங்கிப் போட்டுவிடாமல், உங்கள் மாற்று சிகிச்சைக் குழுவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.