ஓ-ரிங் மாற்றியும் காற்று நிற்கவில்லையே?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய பந்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெயின்ட்பால் விளையாட்டு (சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுடும் விளையாட்டு) நடத்துகிறோம். எல்லாம் பழைய டிப்மன் 98 துப்பாக்கிகள், கரியமில வாயு பாட்டிலில் ஓடுபவை. ஒன்றில் பாட்டிலை மாட்டியதுமே கழுத்தில் ‘உஸ்’ என்று காற்று போகிறது. மோட்டார் கடையில் ஓ-ரிங் வாங்கிப் போட்டேன். ஒரு ஞாயிறு தாங்கியது. கழற்றிப் பார்த்தால் வளையம் உப்பியிருந்தது. இன்னொன்றில் குழல் வாய் வழியாகவே காற்று போகிறது. வெல்டிங் கடை அண்ணன் டெஃப்லான் டேப் சுற்றச் சொல்கிறார். சுற்றலாமா?

பதில்: டேப் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வளையம் உப்பியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, முதல் துப்பாக்கிக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

மோட்டார் கடையில் கிடைக்கும் கறுப்பு ஓ-ரிங் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எண்ணெய்க்கு அது நல்ல சரக்கு, கரியமில வாயுவுக்கு ஆகாது. அழுத்தத்தில் இருக்கும் வாயு ரப்பருக்குள்ளேயே ஊறிவிடும். பாட்டிலைக் கழற்றியதும் ஊறிய வாயு வெளியே வரப் பார்க்கும். வளையம் உப்பும், மேலே கொப்புளம் கட்டும், சில நேரம் வெடிப்பே விழும். கொஞ்ச நேரம் மேசையில் கிடந்தால் சுருங்கிப் பழையபடி தெரியும். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று எடுத்து மறுபடியும் போட்டுவிடுவோம். அதைத் தூக்கிப் போடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது பாலியூரித்தேன் ஓ-ரிங், கடினம் 90, அளவு எண் 015. உள்விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78. கடையில் ‘14-க்கு 2 இருக்கு, எல்லாம் ஒண்ணுதான்’ என்பார்கள். ஒன்று இல்லை. தடிமன் கூடினால் வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராது. பாட்டிலைத் திருகும்போதே விளிம்பு நசுங்கி அறுபடும். பெயின்ட்பால் சாமான் விற்கும் இணையக் கடைகளில் பத்து, இருபது என்று பொட்டலமாக வரும். ஒரு பொட்டலம் வாங்கி வைத்துவிடுங்கள்.

சரியான வளையமும் அடிக்கடி அறுந்தால் பழி வளையத்தின் மேல் இல்லை, பாட்டிலைக் கழற்றும் கையின் மேல். பாட்டிலிலிருந்து துப்பாக்கிக்குக் காற்று போகும் குழாயில் அழுத்தம் இருக்கும்போதே சடாரென்று திருகி எடுத்தால் வெளியே பாயும் வாயு வளையத்தையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் குண்டுப் பெட்டியை எடுத்துவிட்டு, குழலுக்கு உறை போட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலை மெதுவாக முக்கால் சுற்று திருகினால் அதன் ஊசி மூடிக்கொள்ளும். சத்தம் நிற்கும்வரை வெறுமனே சுட்டுக் குழாயைக் காலி செய்துவிட்டு, அப்புறம் முழுதாகக் கழற்றுங்கள்.

அப்படித் திருகும்போது கண் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். பாட்டிலும் அதன் தலையில் உள்ள பித்தளை வால்வும் சேரும் இடத்தைச் சொல்கிறேன். வீட்டில் நகப்பூச்சு கேட்டு வாங்கி, பாட்டிலிலிருந்து வால்வு வரை குறுக்கே ஒரு கோடு போட்டுவையுங்கள். பாட்டில் சுழன்று வால்வு துப்பாக்கியிலேயே நின்றால் கோடு விலகும். விலகியது தெரிந்தால் அந்த நொடியே கையை எடுங்கள். ஆட்களை விலக்கிவிட்டு, கேஸ் நிரப்பும் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அமெரிக்காவில் வால்வு இப்படித் தனியாகக் கழன்று பாட்டில் பறந்து உயிர் போயிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறாரான ஆள்.

காற்று எங்கே போகிறது என்று காதால் தேட வேண்டாம், விரலால் தடவவும் வேண்டாம். வேகமாக வெளியேறும் கரியமில வாயு தோலைக் குளிரில் பொசுக்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து இணைப்புகளின் மேல் தெளியுங்கள். நுரை குமிழ் விடும் இடம்தான் ஓட்டை. வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். சாத்திய ஸ்டோர் அறையில் இந்த வாயு நிறைந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது. குமிழ் பாட்டிலின் வால்வு ஓரத்தில், சின்ன ஓட்டைகள் உள்ள பாதுகாப்புத் திருகிலிருந்து வந்தால், ஸ்பேனர் வைக்காமல் நிரப்பும் கடையில் கொடுங்கள். பாட்டிலுக்குள் வீட்டு வைத்தியம் கிடையாது.

இரண்டாவது துப்பாக்கிக்கு வருவோம். பாட்டிலை மாட்டும் முன் காக்கிங் கைப்பிடியை, அதாவது சுடத் தயார் செய்ய இழுக்கும் பிடியை, பின்னால் இழுத்துப் பூட்டினீர்களா? இந்த ரகத்தில் பூட்டாமல் மாட்டினால், பின்பக்கத்து போல்ட் (வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தி) ஸ்பிரிங்கின் தள்ளலில் வால்வு ஊசியை அழுத்திக்கொண்டே நிற்கும், காற்று குழல் வழியே போகும். அது பழுதே இல்லை. சேஃப்டியைப் போட்டு, இழுத்துப் பூட்டி, பிறகு மாட்டிப் பாருங்கள்.

பூட்டியும் போகிறது என்றால் பெரும்பாலும் கப் சீல்தான் காரணம். வால்வுக்குள் காற்றை அடைத்து நிற்கும் சின்ன அடைப்பான் அது. காற்றை முழுக்க இறக்கிவிட்டு உடலை இரண்டாகப் பிரியுங்கள். திருகுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் அலன் சாவியைப் போட்டால் தலை வழுக்கிவிடும். பாகங்களைத் தொடும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வைத் திறந்து, கப் சீலின் முகத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வட்டமாக, முழுசாக ஒரு தடம் பதிந்திருந்தால் அது இயல்பு. அந்தத் தடத்தைக் குறுக்கே வெட்டி ஒரு கீறல் இருந்தாலோ மணல் துகள் பதிந்திருந்தாலோ, காற்று போகும் வழி அதுதான். துகள் மட்டும் என்றால் மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். கீறல் என்றால் புது சீல் போடுங்கள். சீல் உட்காரும் உலோக விளிம்பில் உப்புத்தாள் மட்டும் வேண்டாம். அது கெட்டால் வால்வையே மாற்ற வேண்டியிருக்கும்.

டேப்புக்கு வருகிறேன். பாட்டில் கழுத்தில் அடைப்பது ஓ-ரிங், மரை அல்ல. அங்கே டேப்புக்கு வேலையே இல்லை. எஃகு வலைக் குழாய் சேரும் மரைகளில் சுற்றலாமே என்றால், டேப்பின் நூல் ஒன்று பிய்ந்து உள்ளே போய்க் கப் சீலில் உட்கார்ந்துவிடும். முதல் துப்பாக்கியின் வியாதி இரண்டாவது துப்பாக்கியின் வியாதியாக மாறும்! அந்த மரைகளைத் துடைத்து, மரை அடைக்கும் பசையை முதல் இரண்டு மரையை விட்டுப் பூசி, காய விட்டு மாட்டுங்கள். குழாயே கசிந்தால் புதுசு வாங்க வேண்டியதுதான். எண்ணெயிலும் கவனம் வேண்டும்: பாட்டில் மாட்டும் இடத்தில் பெயின்ட்பால் எண்ணெய் சில சொட்டு விட்டால் போதும். டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரே வேண்டாம், சீல்களைக் கெடுக்கும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். 21 டிகிரியில் பாட்டிலுக்குள் அழுத்தம் சுமார் 850 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 31 டிகிரியைத் தொடும்போது 1,070. அதற்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடே போய்விடும். எவ்வளவு நிறைத்தோமோ அதற்கேற்ப அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காலையில் கசியாத வளையம் மதியம் கசிவது இதனால்தான். எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள், 20 அவுன்ஸ் பாட்டிலில் 20-க்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். காரின் பின்பெட்டியில் பாட்டிலை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

சீலை மாற்றினால் குண்டு போகும் வேகமும் மாறலாம். ஆட்கள் கையில் கொடுக்கும் முன் வேகமானியில் சுட்டுப் பாருங்கள். நொடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. காலையில் 280 காட்டியதை மதிய வெயிலில் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.