மலையாளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

தம்பி, மண்ணார்க்காட்டில் வேலைக்குச் சேர்ந்தும் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, மலையாளம் கற்றுக்கொண்ட பிறகுதான் நாலு பேரோடு பழக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவரை காத்திருக்கவே வேண்டாம். வேலை முடிந்ததும் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளாமல், பந்து ஓடும் இடத்துக்குப் போங்கள். தேனியிலிருந்து பிழைக்க வந்து இந்தப் பாலக்காட்டுச் சீமையிலேயே குடும்பமாகிவிட்டவன் நான். இந்த ஊரோடு என்னை ஒட்டவைத்தது கால்பந்துதான்.

மழை ஓய்ந்து வயல்கள் காய்ந்ததும் மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை, செர்ப்புளச்சேரி வட்டாரமெங்கும் செவன்ஸ் ஆட்டங்கள் தொடங்கிவிடும். ஓர் அணிக்கு ஏழே பேர். மைதானம் சிறியது, அதனால் பந்து ஒரு நொடி ஓய்வதில்லை. நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் நாட்டு இளைஞர்கள் கடல் கடந்து வந்து உள்ளூர் அணிகளுக்கு ஆடுகிறார்கள். மலையாளம் ஒரு சொல் தெரியாமல் இறங்கும் அவர்கள் பெயரைத்தான் கேலரி முழுவதும் கூவுகிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு 2021 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்த இவான் வுகோமனோவிச் செர்பியாக்காரர். அவரை ரசிகர்கள் ‘ஆசான்’ என்றே அழைத்தார்கள். தேனிக்காரனையும் ஈரோட்டுக்காரனையும் இவர்கள் ஏற்காமல் போவார்களா?

நான் வந்த புதிதில், பாக்கு மரத்தால் கட்டிய கேலரியில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் பாதி முழுவதும் அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பாதி முடியும் நேரத்தில் ஒருவன் இடது காலால் பந்தைச் சுழற்றி வலைக்குள் அனுப்பினான். பெரியவர் என் முழங்காலைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். இடைவேளையில் தன் கடலைப் பொட்டலத்தில் பாதியை என் கையில் கொட்டினார். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவரே கூப்பிட்டுப் பேசினார். நான் தமிழில் சொன்னது அவருக்குப் புரிந்தது. அவர் சொன்னதில் முக்கால்வாசி எனக்கும் புரிந்தது.

டீக்கடையில் ஐ.எம். விஜயன் பெயரை எடுத்துப் பாருங்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் இந்திய அணிக்கே தலைவரான கதையைச் சொல்ல, எதிரில் இருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். அடுத்த கேள்வி, நீங்கள் அர்ஜென்டினாவா பிரேசிலா என்பதாக இருக்கும். 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு புள்ளாவூரில் ஆற்றுக்குள்ளேயே மெஸ்ஸிக்கும், அருகிலேயே நெய்மருக்கும் கட்அவுட் நட்ட மண் இது. ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துவிடுங்கள். எதிர்க்கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. வம்புக்கு இழுக்கவாவது உங்களைத் தினமும் தேடுவார்கள்.

வீட்டு வாடகை ஒப்பந்தம், அரசு அலுவலக விண்ணப்பம் போன்றவற்றுக்கு மொழி வேண்டும்தான். ஆனால் அந்த விண்ணப்பத்தை உங்களுக்காக எழுதித்தர உடன் வரப்போகிறவரும் மைதானத்தில்தான் கிடைப்பார். எனக்கு அப்படித்தான் கிடைத்தார்.

உங்கள் தெருவிலேயே ஏதாவது ஓர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப் இருக்கும். மாலையில் அதன் வாசலில் போய் நில்லுங்கள். பூட்ஸ் வாங்க இப்போதே செலவு செய்ய வேண்டாம். வெறுங்காலோடு ஆடுபவர்களும் இருப்பார்கள். கால்பந்து பிடிக்காவிட்டால் வாலிபால் வலை கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆள் குறைந்தால் அவர்களே உள்ளே கூப்பிடுவார்கள்.