பாஸ்வேர்டை மாற்றியும் கணக்குகள் பறிபோகின்றன (சாட்ஸ்வொர்த், டர்பன்)

பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் அம்மாவின் கணக்குகள் பறிபோகின்றன, அவருக்குப் பாஸ்வேர்டு மறந்தும்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய ஜிமெயிலில் ஃபார்வர்டிங் அமைப்பை, அதாவது வரும் மெயிலை வேறு முகவரிக்கும் அனுப்பும் வசதியை, பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் (SARS) பெயரில் வந்த 'ரீஃபண்ட்' மெயிலில் அம்மா பாஸ்வேர்டைத் தட்டியதும், வரும் மெயிலெல்லாம் தங்களுக்கும் போகும்படி அந்தத் திருடர்கள் அமைத்திருக்கலாம். மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற வரும் ரீசெட் இணைப்புகள் அவர்கள் கைக்குப் போவது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

போன் ஆப்பில் இது தெரியாது. கணினியில் செட்டிங்ஸுக்குள் ஃபார்வர்டிங், ஃபில்டர் (மெயிலைத் தானாகப் பிரித்து அனுப்பும் விதிகள்) இரண்டையும் திறந்து, தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள். பிறகு பாஸ்வேர்டை மறுபடி மாற்றுங்கள்.

மறந்துபோகிறதே என்று அம்மா வருந்த வேண்டாம். நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். சார்ஸ் மெயிலில் வங்கி விவரம் கேட்பதே இல்லை என்றும் சொல்லிவையுங்கள்.

வங்கிக்கும் அதே பாஸ்வேர்டு என்றால் இதெல்லாம் அப்புறம்; கார்டின் பின்னாலுள்ள எண்ணுக்கு இப்போதே அழையுங்கள்.