வெள்ளையானால்தான் இளவரசியா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. எந்நேரமும் இளவரசி கார்ட்டூன்தான். இரண்டு மாதமாகக் குளிக்கும்போது முகத்தில் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். "வெள்ளையானாத்தாம்மா இளவரசி" என்கிறாள். இடுப்பு பெருத்துவிடும் என்று இரவில் சோற்றை ஒதுக்குகிறாள். டிவியை நிறுத்திவிடலாமா? மருந்துக் கடையில் சிவப்பழகு க்ரீம் ஒன்று கொடுத்தார்கள், பூசலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் க்ரீம். பூசாதீர்கள். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் இத்தகைய க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. சில வாரம் பளபளப்பாகத் தெரியும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, முகத்தில் முடிகூட வளரும். குழந்தையின் தோல் மருந்தைப் பெரியவர்களைவிட அதிகமாக உறிஞ்சும் என்பதால் ஆபத்தும் அதிகம். சோப்பும் நிறத்தை மாற்றாது. நிறமி செல்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். தோலுக்கு நிறம் தரும் மெலனினை அவை எவ்வளவு செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். தேய்க்கத் தேய்க்கத் தோல் வறண்டு சாம்பல் பூக்கும், அவ்வளவுதான்.

சரி, கார்ட்டூனுக்கு வருவோம். உங்கள் மகள் இதைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' படத்தில் நாயகியின் பெயரே பனிவெள்ளை. யார் அழகு என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கண்ணாடி வேறு. 1989-இல் வந்த கடல்கன்னிப் படத்தில் நல்லவள் கொடியிடையாள், கெட்டவள் குண்டு. பல படங்களில் நாயகியின் கண் அவள் மணிக்கட்டைவிடப் பெரியது. அந்த இடுப்புக்குள் கல்லீரலையும் குடலையும் எங்கே வைத்தார்களோ, மருத்துவனான எனக்கே விளங்கவில்லை! ஐந்து வயதுக்கு இது வரைந்த உருவம் என்பது முழுதாக உறைக்காது.

ஆனால் பழியை டிவி மேல் மட்டும் போட முடியாது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 3 முதல் 6 வயதுவரையுள்ள 121 சிறுமிகளிடம் பேசினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் குண்டாகிவிடுவோமோ என்று கவலைப்பட்டார்கள். அழகைப் பற்றிய கார்ட்டூன் துண்டுகளைக் காட்டிப் பார்த்தபோதோ, அந்தக் கவலை உடனே கூடிவிடவில்லை. அதாவது, படம் பார்க்க உட்காரும் முன்பே அது மனதில் இருந்திருக்கிறது. "வெயில்ல ஆடாதே, கறுத்துடுவே" என்று உங்கள் வீட்டில் யார் சொல்கிறார்கள்? அவள் பென்சில் பெட்டியில் வெளிர் ஆரஞ்சுக்கு என்ன பெயர்? 'ஸ்கின் கலர்' என்றுதானே? அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு வைத்திருந்த 'சதை நிறம்' என்ற பெயரை 1962-லேயே மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் இன்னும் மாறவில்லை.

டிவியை அடியோடு நிறுத்தினால் ஏக்கம்தான் கூடும். நேரத்தைக் குறையுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். "இவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள், அவளே பேசுவாள். அவள் காதுபட நீங்கள் "எனக்குத் தொப்பை போட்டுடுச்சு" என்று சொல்லாதீர்கள். பாட்டி, அத்தை எல்லோருக்கும் இது பொருந்தும்.

சாப்பாட்டு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மாலையில் பாலும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்புகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, எடையையும் உயரத்தையும் வளர்ச்சி அட்டையில் குறித்து, பழைய அளவுகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். எடை இறங்கியிருந்தாலோ, சாப்பிட மறுப்பது தொடர்ந்தாலோ குழந்தை மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். க்ரீமை ஏற்கெனவே பூசியிருந்தால் அந்த ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.