படிக்கட்டுல தடுக்கினவர் – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா, வணக்கம்.

டல்லாஸ் பக்கத்துல பிளேனோல இருக்கேன், இங்க வந்து 22 வருஷம் ஆச்சு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல 14 குடும்பம், பொங்கல், கொலு, புள்ளைங்க பர்த்டேன்னு எல்லாமே ஒண்ணாத்தான் பண்ணுவோம். 2025 ஜூன்ல ட்ரம்ப் நியூஜெர்சி மாரிஸ்டவுன்ல விமானப் படியில தடுக்கினாரே, அந்த வீடியோவ நான்தான் குரூப்ல போட்டேன், பின்னாடி ஒரு பாட்டையும் சேத்து. இருபது வருஷ நண்பர் ஒருத்தர், ட்ரம்புக்கு ஓட்டு போட்டவர், "இதுக்கெல்லாம் நேரம் இருக்கு உங்களுக்கு"ன்னு ஒரு வரி எழுதிட்டு குரூப்ப விட்டே போயிட்டார். எங்கப்பா ஊர்ல தவறின அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டது அவர்தான். இப்ப கடையில எதிர்ல வந்தா பாக்காத மாதிரி போறார். ஆனா பைடன் விழுந்தப்ப அவர் எத்தன வீடியோ போட்டார்னு எனக்குத்தான் தெரியும். அவங்க பண்ணலாம், நாங்க மட்டும் வாய மூடிக்கணுமா? இந்த நாட்டுல ஜனாதிபதிய மரியாதையா விமர்சிச்ச காலம்னு ஒண்ணு இருந்துச்சா, இனிமேலாவது வருமா?

ச., பிளேனோ, டெக்சாஸ்

அன்புள்ள ச.,

கடிதத்த மூணு தடவ படிச்சேன். மூணு தடவயும் ராத்திரி ரெண்டு மணி ஏர்போர்ட்டுக்கிட்டதான் நின்னேன், மத்ததெல்லாம் அப்புறம்தான் கண்ணுல பட்டுச்சு.

மரியாதையான காலம் ஒண்ணு இருந்துச்சான்னு கேக்குறீங்க. இல்லைங்க. 1800 ஜனாதிபதித் தேர்தல்ல ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் மோதினப்ப, கேலண்டர்னு ஒரு பத்திரிகைக்காரர் ஆடம்ஸ ஆணும் இல்லாத பொண்ணும் இல்லாத ஜென்மம்னு அச்சுல எழுதினார், அந்த ஆளுக்கு காசு குடுத்து உதவினது ஜெஃபர்சன். ரெண்டு பேரும் சேர்ந்து சுதந்திரப் பிரகடனத்துக்கு உழைச்சவங்க, பழைய சிநேகிதங்க! அதே கேலண்டர் ரெண்டு வருஷம் கழிச்சு, கேட்ட வேலை கிடைக்கலன்னு ஜெஃபர்சன் மேலயே திரும்பினார், ஜெஃபர்சன் வீட்டுல அடிமையா இருந்த சாலி ஹெமிங்ஸ் விஷயத்த பேப்பர்ல போட்டு ஊரறிய வச்சது அவர்தான். லிங்கன எதிர்க்கட்சிக்காரங்க மட்டும் இல்ல, அவர் கீழ வேலை பாத்த ஜெனரல் மெக்லெலனே வீட்டுக்கு எழுதின கடிதத்துல கொரில்லான்னு எழுதியிருக்கார். அதனால பொற்காலம்னு ஒண்ணத் தேடிப் போகாதீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஜனாதிபதிய கிண்டலே பண்ணக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. 1798ல ஆடம்ஸ் ஆட்சியில செடிஷன் ஆக்ட்னு ஒரு சட்டம் போட்டு, அரசாங்கத்தையும் ஜனாதிபதியையும் இழிவா எழுதினவங்கள ஜெயில்ல போட்டாங்க. வெர்மாண்ட்ல மேத்யூ லயன்னு ஒரு காங்கிரஸ் உறுப்பினருக்கே நாலு மாசம் ஜெயில், ஆயிரம் டாலர் ஃபைன், கேலண்டருக்கு ஒன்பது மாசம். லயன் ஜெயிலுக்குள்ள இருந்தபடியே மறுபடி தேர்தல்ல ஜெயிச்சார். ஆளுறவனப் பாத்து சிரிக்க முடியாத நாடு எப்படி இருக்கும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அந்த உரிமைய யாருக்காகவும் விட்டுக்குடுக்க வேண்டாம். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், எதப் பாத்து சிரிக்கிறோம்?

இந்தப் படிக்கட்டு விஷயத்தையே எடுத்துக்குங்க. 1975 ஜூன் 1, ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க், மழை, அப்ப ஜனாதிபதியா இருந்த ஜெரால்ட் ஃபோர்டு ஒரு கையில குடையோட மனைவியையும் பிடிச்சுக்கிட்டு விமானத்துலேர்ந்து இறங்கறார், கடைசிப் படிகள்ல வழுக்கி கீழ விழுந்துடறார். அன்னையிலேர்ந்து அவர் தடுமாறுற ஆளுன்னு ஆகிப்போச்சு, டிவி காமெடியில வாராவாரம் அவர் மாதிரி ஒருத்தர் எதையாவது தட்டிவிட்டு விழுவார். மிச்சிகன் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் 1932லயும் 1933லயும் தேசிய சாம்பியன் ஆனப்ப அதுல ஆடினவர் ஃபோர்டு, ஜனாதிபதியா இருந்தவங்கள்ல அவர மாதிரி விளையாட்டுக்காரர் ரொம்பக் கொஞ்சம். சரி, அது போகட்டும். அவர் பண்ணினதுலயே நாடு உட்கார்ந்து விவாதிக்க வேண்டிய காரியம் 1974 செப்டம்பர்ல, வாட்டர்கேட் ஊழல்ல பதவிய விட்டுப் போன ஜனாதிபதி நிக்சனுக்கு முழு மன்னிப்பு குடுத்தது. ஒரு ஜனாதிபதி தப்பு பண்ணினா கோர்ட்டுக்கு வரணுமா வேண்டாமாங்கற கேள்வி அது, இன்னைக்கும் அந்தக் கேள்வி நம்ம வாசல்லதான் நிக்குது. ஃபோர்டுன்னா பாதி பேருக்கு படிக்கட்டுதான் ஞாபகம் வருது.

அப்புறம் 2020 ஜூன்ல வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில ட்ரம்ப் சரிவுப் பாதையில மெதுமெதுவா இறங்கினார், இந்தப் பக்கம் சிரிச்சாங்க. அந்த செப்டம்பர்ல பைடனே, நான் எப்படி ஓடி ஏறுறேன் அவர் எப்படித் தடுமாறி இறங்குறார்னு பாருங்கன்னு பேசினார். ஆறு மாசம் கழிச்சு 2021 மார்ச்ல ஆண்ட்ரூஸ் விமானதளத்துல படியேறும்போது பைடன் தடுக்கி விழுந்தார், எந்திரிச்சார், திரும்ப விழுந்தார், இப்ப அந்தப் பக்கத்துக்குக் கொண்டாட்டம். 2023ல கொலராடோல மணல் மூட்டை தடுக்கி விழுந்தார், தேதி அதே ஜூன் 1. அப்புறம் நீங்க போட்ட மாரிஸ்டவுன் வீடியோ. அதே தடுமாற்றம்தான், சிரிக்கிறவங்க மட்டும் எடம் மாறி மாறி நிக்கிறாங்க. வயசான மனுஷனுக்கு கால் தடுக்கும். நம்ம வீட்டுல அப்பாவுக்குத் தடுக்கினா ஓடிப்போய்ப் பிடிப்போமே, பாட்டு சேத்து வீடியோவா போடுவோம்?

ஜனாதிபதியோட வயசையும் உடம்பையும் பத்தி பேசவே கூடாதான்னு கேப்பீங்க. தாராளமா பேசலாம், பேசியே ஆகணும். 2024ல அந்தக் கேள்விய நேரத்துல நேர்மையா பேசாம விட்டதுக்கு பைடனோட ஜனநாயகக் கட்சி என்ன விலை குடுத்துச்சுன்னு பாத்தோம். மருத்துவ அறிக்கைய கேளுங்க, யார் முடிவெடுக்கிறாங்கன்னு கேளுங்க. நீங்க சேத்த பாட்டுல அந்தக் கேள்வி இல்லையே ச.

ட்ரம்ப்தானே ஆரம்பிச்சார், பைடனுக்கு ஸ்லீப்பி ஜோன்னு பட்டப்பேர் வச்சதே அவர்தானேன்னும் சொல்வீங்க. ஆமா, நாட்டோட உச்சியில இருக்கிறவர் எதிராளிக்கு பட்டப்பேர் வச்சுக் கூப்பிடறது சின்ன விஷயம் இல்ல, அது கீழ வரைக்கும் இறங்கி பள்ளிக்கூடம் வரைக்கும் வரும், அந்தப் பழி அவருக்குத்தான். ஆனா நீங்க போட்ட வீடியோவ ட்ரம்ப் பாக்கல, உங்க நண்பர்தான் பாத்தார்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, நானே பண்ணியிருக்கேன். 2006ல நான் இங்க நியூஜெர்சில ஒரு ஆபீஸ்ல வேலை பாத்தேன். அப்பல்லாம் ஜார்ஜ் புஷ் தப்பா பேசின வாக்கியங்கள வச்சு தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் விக்கும், என் மேசையில ஒண்ணு இருந்துச்சு, தினம் அன்னைக்குத் தாளக் கிழிச்சு எடுத்துட்டுப் போய் லஞ்ச் மேசையில சத்தமா படிப்பேன், எல்லாரும் சிரிப்பாங்க. அந்த மேசையில பென்சில்வேனியாக்காரர் ஒருத்தர், அம்பது தாண்டினவர், அதிகம் பேச மாட்டார், புஷ்ஷுக்கு ரெண்டு தடவயும் ஓட்டு போட்டவர். ஒருநாள் நான் படிச்சு முடிச்சதும் அவர் பாதி சாப்பாட்ட டப்பாவுல வச்சு மூடினார். மூடி ஒரு ஓரத்துல உட்காரவே இல்ல, கட்டை விரலால ரெண்டு தடவ அமுக்கினார், அப்புறம் என்னைப் பாத்து, "என் பையன் இந்த ஆளு சொல்லித்தான் ஈராக் போயிருக்கான், ரெண்டாவது தடவ"ன்னார். கோபமே இல்ல குரல்ல. எந்திரிச்சுப் போயிட்டார், அதுக்கப்புறம் அந்த மேசைக்கு வரவே இல்ல, தன் சீட்லயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிச்சார்.

யோசிச்சுப் பாருங்க. பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொல்லி ஒரு போருக்குப் போனாங்க, அந்த ஆயுதம் கடைசி வரைக்கும் கிடைக்கல, நாலாயிரத்துக்கும் மேல அமெரிக்க சிப்பாய்ங்க செத்தாங்க, ஈராக் ஜனங்க அதவிடப் பல மடங்கு. அதப் பத்தி பேசறதுக்கு அந்த ஆபீஸ்லயே அதிக உரிமை உள்ள மனுஷன் என் எதிர்ல உட்கார்ந்திருந்தார், நான் புஷ்ஷோட இலக்கணத்தப் பத்தி பேசிக்கிட்டு இருந்தேன். அந்தப் போர்ல அவருக்கு என்னவிட அதிகமா சந்தேகம் இருந்திருக்கலாம், ராத்திரி தூக்கமே இல்லாம இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க வேண்டிய வாசல நானே அடைச்சிட்டேன். பையன் பத்திரமா திரும்பி வந்துட்டான்னு இன்னொருத்தர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். 2009ல அவர் ரிட்டயர் ஆனப்ப கேக் வெட்டினாங்க, கை குலுக்கினேன், மன்னிப்பு மட்டும் கேக்கல. கேட்டிருக்கணும், இப்பவும் மனசுல கிடக்குது.

அதனால "நாங்க மட்டும் ஏன் வாய மூடிக்கணும்"னு நீங்க கேக்கறதுக்கு என் பதில் இதுதான்: உங்க பக்கத்து ஆளுங்க உங்க பேச்சத்தான் கேப்பாங்க, அவர் பேச்ச கேக்க மாட்டாங்க. அவர் பக்கத்த அவர்தான் நிறுத்த முடியும். 2008 அக்டோபர்ல மினசோட்டா லேக்வில்ல, ஒபாமாவ எதிர்த்து நின்ன ஜான் மெக்கெய்ன் கூட்டம், தேர்தலுக்கு ஒரு மாசம்கூட இல்ல, தோத்துக்கிட்டு இருக்கார். ஒரு அம்மா மைக்க வாங்கி ஒபாமாவ நம்ப முடியல, அவர் ஒரு அரபுன்னாங்க. மெக்கெய்ன் தலைய ஆட்டி மைக்க திருப்பி வாங்கிட்டு, இல்லம்மா, அவர் கண்ணியமான குடும்பஸ்தர், இந்த நாட்டுக் குடிமகன், எனக்கும் அவருக்கும் அடிப்படை விஷயங்கள்ல கருத்து வேறுபாடு, அவ்வளவுதான்னார். அதே கூட்டத்துல, ஒபாமா ஜனாதிபதியானா நீங்க பயப்பட வேண்டியதில்லன்னு சொன்னதுக்கு அவரோட சொந்தக் கூட்டமே அவரப் பாத்து கூச்சல் போட்டுச்சு. அரபுன்னா கண்ணியமான குடும்பஸ்தரா இருக்க முடியாதான்னு பின்னாடி சிலர் கேட்டாங்க, நியாயமான கேள்வி, அந்த எடத்துல அவர் இன்னும் நல்லா சொல்லியிருக்கலாம். ஆனாலும் தனக்கு ஓட்டுப் போட வந்தவங்க முகத்துக்கு நேரா அதச் சொல்ல ஒரு தைரியம் வேணும். 2018 செப்டம்பர்ல வாஷிங்டன் தேவாலயத்துல அவருக்கு நடந்த இறுதி வழிபாட்டுல அஞ்சலி பேசினவங்கள்ல ரெண்டு பேர் புஷ்ஷும் ஒபாமாவும், ரெண்டு பேருமே அவரத் தோக்கடிச்சவங்க.

இனிமேலாவது வருமான்னு கேட்டீங்களே, சின்ன அளவுல நடந்துக்கிட்டுதான் இருக்கு. 2016 டிசம்பர்ல, தேர்தல் முடிஞ்ச சூட்டுல, ஒஹையோல சவுத் லெபனான்ங்கற சின்ன ஊர்ல ட்ரம்புக்கு ஓட்டுப் போட்டவங்க 10 பேர், ஹிலரிக்கு ஓட்டுப் போட்டவங்க 11 பேரு, ஒரு வாரக் கடைசிய ஒண்ணா உட்கார்ந்து கழிச்சாங்க. இப்ப பிரேவர் ஏஞ்சல்ஸ்னு பேர்ல நடக்கிற அமைப்பு அங்கதான் ஆரம்பிச்சது. அத வடிவமைச்சவர் பில் டோஹர்ட்டி, புருஷன் பொண்டாட்டி சண்டையத் தீத்து வைக்கிற குடும்ப ஆலோசகர். அவங்க பண்ற ஒரு பயிற்சி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டு பக்கமும் தனித்தனி ரூமுக்குப் போய், எதிர்ப்பக்கம் நம்மள என்னென்ன சொல்றாங்கன்னு தாங்களே பட்டியல் போடணும், ஒவ்வொண்ணுக்கும் உண்மையில நிலவரம் என்னன்னு எழுதணும், கடைசியா அந்தப் பழியில ஒரு துளியாவது நிஜம் இருக்கான்னும் எழுதணும். அப்புறம் திரும்பி வந்து எல்லார் முன்னாடியும் படிக்கணும். தன் பக்கத்துக் குறைய தன் வாயால சொல்றவன்கிட்ட எதிராளிக்கு சண்டை போடவே தோணாது, நீங்களே வீட்டுல பண்ணிப் பாருங்க.

ஆடம்ஸ் ஜெஃபர்சன் கதைய பாதியில விட்டுட்டேன். அந்த 1800 தேர்தலுக்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமத்தான் இருந்தாங்க. பெஞ்சமின் ரஷ்னு ஒரு டாக்டர், ரெண்டு பேருக்கும் நண்பர், இவருக்கு ஒரு கடிதம் அவருக்கு ஒரு கடிதம்னு விடாம எழுதி எழுதி, கடைசியில 1812 புத்தாண்டு அன்னைக்கு ஆடம்ஸே முதல்ல பேனாவ எடுத்தார். அதுலேர்ந்து 14 வருஷம், ரெண்டு பேரும் சேர்ந்து 158 கடிதம். கொள்கையில கடைசி வரைக்கும் ஒத்துப்போகல, மன்னராட்சி, மதம், பிரெஞ்சுப் புரட்சின்னு எல்லாத்துலயும் விவாதம்தான். 1813ல ஆடம்ஸ் எழுதறார், நாம ரெண்டு பேரும் நம்மள ஒருத்தருக்கொருத்தர் விளக்கிச் சொல்லாம சாகக்கூடாதுன்னு. 1826 ஜூலை 4, நாட்டோட அம்பதாவது சுதந்திர தினம், அந்த ஒரே நாள்ல ரெண்டு பேரும் போய்ச் சேந்தாங்க.

அவ்வளவு பழசு வேண்டாம்னா, 1992ல ஜார்ஜ் புஷ்ஷோட அப்பா, பெரிய புஷ், தேர்தல் மேடையில, இந்த ரெண்டு கோமாளிங்கள விட என் நாய் மில்லிக்கு வெளிநாட்டு விவகாரம் அதிகமா தெரியும்னு கிளிண்டனையும் அல் கோரையும் சொன்னார். தோத்துட்டு 1993 ஜனவரியில வெள்ளை மாளிகைய விட்டுப் போகும்போது கிளிண்டனுக்கு ஒரு கடிதம் எழுதி வச்சிட்டுப் போனார், உங்க வெற்றி இப்ப நம்ம நாட்டோட வெற்றி, உங்க பக்கம் நிக்கிறேன்னு. நம்ம கடற்கரைய அழிச்ச சுனாமிக்கு நிதி திரட்ட அந்த ரெண்டு பேரும்தான் 2005 பிப்ரவரில தாய்லாந்து, இந்தோனேசியா, இலங்கை, மாலத்தீவுன்னு சேர்ந்தே போனாங்க. விமானத்துல படுக்கை ஒண்ணுதான் இருந்துச்சு. புஷ்ஷுக்கு அப்ப 80 வயசு, நீங்க படுங்கன்னு விட்டுக்குடுத்துட்டு கிளிண்டன் பக்கத்து அறையில தரையில படுத்துக்கிட்டார்.

ச., முதல்ல குரூப்ல உங்க பேர்லயே ஒரு வரி போடுங்க, அந்த வீடியோவ நான் போட்டிருக்கக் கூடாதுன்னு. நண்பர் குரூப்ல இல்ல, பரவாயில்ல, மத்த வீடெல்லாம் படிக்கட்டும், யாராவது ஒரு ரஷ் அதுல இருப்பார், அவர் காதுக்குப் போய்ச் சேந்துடும். அதுக்கப்புறம் நீங்க அவருக்கு போன் பண்ணுங்க, மெசேஜ் வேண்டாம், போன். பைடன் வீடியோ கணக்க எடுக்காதீங்க, அன்னைக்கு ராத்திரி ஏர்போர்ட்ல விட்டீங்களே, அதப் பத்தி நான் உங்ககிட்ட சரியா பேசினதே இல்லன்னு ஆரம்பிங்க. எடுக்கலன்னா ஞாயித்துக்கிழமை மறுபடி பண்ணுங்க. என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க, காத்துக்கிட்டிருப்பேன்.